மேட்டில் ஏறிய கார் மட்டத்தில் நின்றது ஏன்?

(தோட்டத்து வாசிகசாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாகனம் ஓட்டும் தம்பிமாருக்கும் அவர்களின் வீட்டாருக்கும் நாம் நிகழ்த்திய உரை. கேட்க வராதவர்களும் வாசிக்க வேண்டும் என்று பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)



வெளியில் மழை தூறுது. கொழுந்து மலையிலிருந்து வந்து குளிச்சு முடிச்ச கையோடு வந்திருக்கிறீர்கள். ஆகையால் நேரத்தை இழுக்க மாட்டோம். இந்த மேசை மேல் இருக்கும் மஞ்சள் பெட்டிதான் இன்றைக்கு நம்ம விசயம். இதற்கு மல்டிமீட்டர் என்று பெயர். நம்ம ஆட்கள் சுருக்கமாக மீட்டர் என்பார்கள். சிவப்பு வயர் ஒன்று, கறுப்பு வயர் ஒன்று, நடுவில் திருப்புகிற ஒரு குமிழ். சாதாரண மீட்டர் ஒன்றை இரண்டு மூன்று நாள் சம்பளத்துக்குள் வாங்கிவிடலாம். இது இல்லாததால் ஒரு குடும்பம் எவ்வளவு காசை இழந்தது என்பதை முதலில் சொல்கிறோம். அதற்குப் பிறகு மீட்டரைக் கையில் எடுப்போம்.

டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒரு தம்பி. பெயர் வேண்டாம், அவரே இன்றைக்கு இங்கே பின் வாங்கில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய அப்பா முப்பது வருசத்துக்கு மேல் தோட்டத்தில் பேர் போட்டவர். ஓய்வு பெற்றபோது கிடைத்த ஈ.பி.எஃப் காசில் ஒரு பழைய மொரிஸ் மைனர் கார் வாங்கிக் கொடுத்தார். பழைய கார்தான். இங்கிலாந்தில் 1948ல் செய்யத் தொடங்கி 1971ல் நிறுத்திவிட்ட கார். ஆனாலும் நம்ம மலைநாட்டு ரோட்டில் இன்றைக்கும் ஓடுது, ஏனென்றால் அதில் கையால் தொட முடியாத சாமான் ஒன்றும் இல்லை. தம்பி அதை ஹயருக்கு ஓட்டினார். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பகலில் டவுனுக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள், ராத்திரியில் யாருக்காவது வருத்தம் என்றால் ஆஸ்பத்திரி.

ஒரு நாள் கார் இரும ஆரம்பித்தது. நெஞ்சுச்சளிக்காரன் மாதிரி இரண்டு இழுப்பு, ஒரு இருமல். பிறகு சரியாகும். டவுனில் ஒரு கராஜுக்குக் கொண்டு போனார். பிளக் நாலும் மாற்றினார்கள். இரண்டு நாள் ஓடியது, மறுபடியும் இருமல். கொயில் மாற்றினார்கள். பிறகு கொண்டென்சர். பிறகு காபரேட்டர் கிட். ஒவ்வொரு முறையும் கராஜில் நின்று ஸ்டார்ட் பண்ணினால் சுவர்க்கடிகாரம் மாதிரி ஓடும். காசைக் கட்டி வெளியே வந்து ரோட்டில் ஓட்டினால் பழைய குருடி கதவைத் திறடி. கொயிலுக்கும் கிட்டுக்கும் கொடுக்க வீட்டில் காசு இல்லை, அவருடைய மனைவியின் தோடு அடகுக்குப் போனது. அந்தக் கராஜ்காரர் ஏமாற்றினார் என்று நாம் சொல்ல வரவில்லை. அவருக்கும் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல் சாமானை மாற்றினார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒரு ராத்திரி நடந்ததுதான் எல்லோருக்கும் நெஞ்சில் இடித்தது. லயத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி வந்தது. தம்பி காரை எடுத்தார். தோட்டத்து மண் ரோட்டில் மேட்டிலெல்லாம் கார் நன்றாக ஏறியது. காசல்ரீ நீர்த்தேக்கத்து ஓரமாகப் போகும் ரோட்டுக்கு இறங்கி, மட்டமான இடத்தில் மெதுவாக வரும்போது இருமியது, அணைந்தது. பிறகு எவ்வளவு அடித்தாலும் ஸ்டார்ட் ஆகவில்லை. 1990 அம்புலன்சுக்கு போன் அடிக்கப் பார்த்தார்கள், அந்த வளைவில் சிக்னல் இல்லை. பனி. அரை மணித்தியாலத்துக்கு மேல் நின்ற பிறகு மரக்கறி லொறி ஒன்று வந்தது. அந்த டிரைவர் சிங்கள ஐயா ஒருவர், சாமானை ஒதுக்கி இடம் கொடுத்து ஆஸ்பத்திரி வாசல் வரை கொண்டு போய் விட்டார். பிள்ளை ஆஸ்பத்திரியில்தான் பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். (இடையில் ஒரு வார்த்தை: வலி கண்டால் லயத்திலிருந்து கிளம்புமுன், சிக்னல் இருக்கும் இடத்திலேயே 1990க்கு அடித்துவிடுங்கள். கார் பக்கத்தில் நிற்கிறதே என்று இருக்க வேண்டாம்.)

மறுநாள் காலையில் அந்தக் கார் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது! அப்போதுதான் அந்த அப்பா நம்மிடம் வந்தார். கையில் ஒரு ஷொப்பிங் பை. கழற்றிய பழைய கொயில், பிளக், கொண்டென்சர் எல்லாம் அதற்குள். "மகனே, இத வித்தா எவ்வளவு வரும்?" என்று கேட்டார். நாம் மீட்டரை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனோம்.

இனி மீட்டர். பெட்ரோல் எஞ்சினில் பிளக் பொறி எப்படி வருது என்று தெரியாமல் மீட்டரைப் பிடிப்பதில் பிரயோசனம் இல்லை. பெட்டரியில் 12 வோல்ட்டு. அந்தக் கரண்ட் சுவிட்சு வழியாகக் கொயிலுக்குப் போகுது. கொயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பொயிண்டுக்குப் போகுது. பொயிண்ட் மூடியிருந்தால் கரண்ட் பொடியில் இறங்கி பெட்டரிக்கே திரும்புது. பொயிண்ட் திறந்த கணத்தில் கரண்ட் சட்டென்று அறுபட்டு, கொயிலின் உள்சுற்றில் பல ஆயிரம் வோல்ட்டு எழும்புது. அது நடு வயர் வழியாக வந்து, ரோட்டர் சுற்றிச்சுற்றிப் பங்கு போட, ஒவ்வொரு பிளக்குக்கும் போகுது. இந்தக் காரில் பங்கு போகும் ஒழுங்கு 1, 3, 4, 2. ஆக, சின்ன அழுத்தத்துப் பாதை ஒன்று, பெரிய அழுத்தத்துப் பாதை ஒன்று. மீட்டரை வைப்பது சின்ன அழுத்தத்துப் பாதையில் மட்டும். எஞ்சின் ஓடும்போது பிளக் வயரில் மீட்டரைக் குத்தினால் மீட்டரும் போகும், நமக்கும் நல்ல அடி விழும்.

வேலை தொடங்குமுன் செய்தவை: ஹேண்ட்பிரேக் இழுத்து, சில்லுக்குக் கல் வைத்து, கியரை நியூட்ரலில் போட்டோம். பக்கத்தில் பீடி பற்ற வைத்த பெரியவரை அனுப்பி வைத்தோம். பெட்டரியிலிருந்து வரும் வாயு வெடிக்கக் கூடியது, பெட்ரோலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் பெட்டரி. மீட்டரை டி.சி. வோல்ட்டு 20ல் வைத்தோம். 12.5 காட்டியது. முழுதாய்ச் சார்ஜ் ஏறிய பெட்டரி 12.6 அளவில் நிற்கும், 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே என்றால் காலி என்று வைத்துக்கொள்ளலாம். தம்பியை ஸ்டார்ட்டர் இழுக்கச் சொன்னோம். இழுக்கும்போது 10.3. பத்துக்கு மேல் நின்றால் கவலை இல்லை. பெட்டரி பாஸ்.

இங்கே ஒரு கூத்து. தம்பி சிவப்பு வயரைக் கொயிலில் வைத்து, கறுப்பை எஞ்சினில் வைத்தார். மீட்டர் கழித்தல் குறி போட்டுக் காட்டியது. மீட்டர் பழுது என்று எல்லோரும் சத்தம் போட்டார்கள். பழுதில்லை. மொரிஸ் மைனரில் பெட்டரியின் கூட்டல் பக்கம்தான் பொடியில் பூட்டியிருக்கும், இன்றைய வாகனங்களுக்கு நேர் எதிர். சிவப்பைப் பொடியில் வைத்தால் சரியாகும். முள் ஓடும் பழைய மீட்டராக இருந்தால் முள் இடது பக்கம் போய் முட்டிக்கொள்ளும், அது தெரிந்திருக்க வேண்டும். இதைச் சரிபார்க்காமல் புதிய ரேடியோவைப் பூட்டி எரித்தவர்கள் உண்டு.

அடுத்தது கொயில். கொயிலில் இரண்டு பக்கம், எஸ்.டபிள்யூ, சி.பி என்று எழுதியிருக்கும். முதலாவது சுவிட்சிலிருந்து வருவது, இரண்டாவது பொயிண்டுக்குப் போவது. சுவிட்சை நிறுத்தி, வயர்களைக் கழற்றி, மீட்டரை ஓமில் வைத்து இரண்டுக்கும் இடையில் பார்த்தோம். (கரண்ட் ஓடும்போது ஓமில் வைக்கக் கூடாது. மீட்டரின் இரண்டு முனையையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.2, 0.3 என்று காட்டும். அது மீட்டர் வயரின் சொந்தத் தடை, கழித்துக்கொள்ள வேண்டும்.) புதிய கொயில் 3.1 ஓம். பைக்குள் இருந்த பழைய கொயிலை எடுத்தோம். 3.2 ஓம். இந்த ரகக் கொயில் 3 ஓம் சொச்சம் இருக்க வேண்டும், இரண்டும் சரி. நடு வாயிலிருந்து பார்த்தால் சில ஆயிரம் ஓம், அதுவும் இரண்டிலும் சரி. அப்பா பேசாமல் பழைய கொயிலைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய மருமகள் அந்த நேரம் வாசலில்தான் நின்றார். காது வெறுமையாக இருந்தது.

கூட நின்ற தங்கச்சி ஒருவர் சாதாரண தரம் எழுதியவர். "12ஐ 3ஆல வகுத்தா 4. அப்ப நாலு அம்பியர் போகுமா அண்ணா?" என்றார். அவ்வளவேதான். பொயிண்ட் மூடியபடி சுவிட்சைப் போட்டு விட்டால் அந்த நாலு அம்பியரும் கொயிலைச் சுட வைத்துக்கொண்டே இருக்கும், ஆகவே பார்த்த உடனே நிறுத்திவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் படிச்ச ஓமின் விதி லயத்து வாசலில் நின்ற காருக்குள் இருந்ததைப் பார்த்து அந்தப் பிள்ளைக்கு ஒரே சிரிப்பு. பின்னால் வந்த கார்களில் சிலவற்றுக்கு 1.5 ஓம் கொயிலும் வெளியில் ஒரு தடையும் சேர்த்துப் பூட்டியிருக்கும். அந்தக் கொயிலை வாங்கி இதில் போட்டால் இரண்டு மடங்கு கரண்ட் போய் பொயிண்ட் கருகும். "கொயில்தானே, எதுவானாலும் பரவாயில்லை" என்று கடையில் கொடுப்பதை வாங்காதீர்கள்.

பிறகு வயரெல்லாம் பூட்டி, சுவிட்சைப் போட்டு வோல்ட்டு பார்த்தோம். இந்தக் காரில் முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றலாம், அதனால் பொயிண்டைத் திறக்கவும் மூடவும் வசதி. பொயிண்ட் திறந்திருக்கும்போது கொயிலின் இரண்டு பக்கமும் 12.3. மூடியபோது சுவிட்சுப் பக்கம் 11.8, பொயிண்டுப் பக்கம் 0.1. இப்படித்தான் இருக்க வேண்டும். மூடிய பொயிண்டில் கால் வோல்ட்டுக்கு மேல் நின்றால் பொயிண்ட் கருகியது அல்லது எங்கோ இணைப்பு தளர்ந்தது என்று பொருள். பொயிண்ட் இடைவெளியையும் இலையால் அளந்தோம். 15 தவ், அதாவது 0.38 மில்லிமீட்டர். அதுவும் சரி.

உண்மையைச் சொல்கிறோம், அந்த இடத்தில் நமக்கும் முகம் வாடியது. மீட்டரே எல்லாம் சரி என்கிறது. காரும் லயத்து வாசலில் நின்று அழகாக ஓடுது. நாமும் கராஜ்காரர் மாதிரி ஏதாவது ஒரு சாமானின் பெயரைச் சொல்லிவிட்டு வரப் பார்த்தோம். அப்போது அப்பா, யாரையும் பார்த்து இல்லை, தன்பாட்டுக்குச் சொன்னார்: "மேட்டுல நல்லா ஏறுது. மட்டத்துலதான் இந்தச் சனியன் இருமுது."

அவருக்கு லைசன்ஸ் இல்லை, ஸ்டியரிங் பிடித்ததில்லை. பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து கவனித்த மனுசன். நாலு கை மாறிய காரில் நாலு பேர் கேட்காத கேள்விக்குப் பதில் அதுதான். மேட்டில் நின்றால் பெட்ரோல் போதவில்லை, பிளக் போதவில்லை என்று சொல்லலாம். மேட்டில் நன்றாக ஏறி மட்டத்தில் நின்றால்? மட்டத்தில் இருந்து மேட்டில் இல்லாதது என்ன?

டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் தட்டையாக ஒரு டப்பி இருக்கும், காபரேட்டரிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று அதற்கு வரும். அக்சிலேட்டரை இலேசாக மிதித்து மட்டத்தில் போகும்போது எஞ்சின் அந்தக் குழாயைச் சப்பும். உள்ளே பொயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு கொஞ்சம் திரும்பி, பொறி முந்தி விழும். பெட்ரோல் சிக்கனத்துக்கான ஏற்பாடு. மேட்டில் முழுதாய் மிதித்தால் அந்த உறிஞ்சல் குறைந்து தட்டு பழைய இடத்துக்கு வந்துவிடும். சும்மா நிறுத்தி ஓட விட்டாலும் இந்தக் காரில் தட்டு அசையாது. அப்படியென்றால் கராஜில் நின்ற நேரமெல்லாம் தட்டு அசையவே இல்லை! அதனால்தான் அங்கே ஒருநாளும் இருமவில்லை.

பொயிண்ட் நன்றாக மூடியிருக்கும் நடு நிலையில் எஞ்சினை நிறுத்தினோம். ஓரத்தில் நிறுத்தினால் தட்டு திரும்பும்போது பொயிண்டே திறந்து நம்மை ஏமாற்றும். மீட்டரை வோல்ட்டில் வைத்து, கொயிலின் பொயிண்டுப் பக்கத்தில் பிடித்தோம். 0.1. குழாயைக் காபரேட்டரிலிருந்து கழற்றி, துடைத்துவிட்டு, தம்பியை வாயில் வைத்து உறிஞ்சச் சொன்னோம். தட்டு திரும்பியது. பொயிண்ட் மூடியபடியே இருப்பது கண்ணுக்குத் தெரியுது. மீட்டரோ 0.1லிருந்து 4க்குப் போனது, 7, பிறகு 12. வாயை எடுத்தார், 0.1. மறுபடி உறிஞ்சினார், 12.

சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லோரும் தாங்களும் உறிஞ்ச வேண்டும் என்று வரிசையில் நின்றார்கள். விடவில்லை.

இனி எந்த வயர் என்று மட்டும் பார்க்க வேண்டியிருந்தது. சுவிட்சை நிறுத்தி ஓமில் வைத்தோம். வெளி முனையிலிருந்து பொயிண்டின் கை வரை போகும் சின்ன வயரில், உறிஞ்சினாலும் உறிஞ்சாவிட்டாலும் தடை இல்லை. அது நல்லது. தட்டுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் பொடிக்கும் இடையில் வைத்தோம். உறிஞ்சியதும் எண் தாறுமாறாக ஓடி, அறுந்தது என்று காட்டியது. தட்டையும் பொடியையும் சேர்க்கும் ஏர்த் வயர், ஒரு விரல் நீளம் கூட இல்லை. வெளியில் பார்த்தால் முழுதாகத்தான் இருக்கு. மெதுவாக இழுத்தோம், கையோடு வந்துவிட்டது. உள்ளே செம்புக் கம்பிகள் எப்போதோ அறுந்து, மேல் உறை மட்டும் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. தட்டு பழைய இடத்தில் இருந்தால் அறுந்த முனைகள் தொட்டுக்கொண்டு நிற்கும், திரும்பினால் விலகும். அன்றைக்கு ராத்திரி ஒரேயடியாக விலகிவிட்டது. காலையில் தள்ளி உலுக்கியதில் மறுபடி தொட்டுக்கொண்டது.

புதிய வயர் போட்டோம். வீட்டுச் சுவருக்கு இழுக்கும் தடித்த ஒற்றைக் கம்பியைப் போடக் கூடாது, தட்டு அசைய அசைய அது கொஞ்ச நாளில் முறிந்துவிடும். மெல்லிய கம்பிகள் நிறையச் சேர்ந்த, நன்றாக வளைகிற வயராக இருக்க வேண்டும். முனையில் மட்டும் ஈயம் வைத்து, சுற்றும் பாகத்தில் உரசாமல் வளைத்து விட்டோம். உறிஞ்சிப் பார்த்தோம், 0.1ல் அப்படியே நின்றது. காசல்ரீ ரோட்டில் அப்பாவை முன்சீட்டில் ஏற்றிப் போய், அதே வளைவில் அக்சிலேட்டரை இலேசாக மிதித்துப் போனோம். இருமவில்லை. அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை, ஜன்னலால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கேள்விகள் சில வந்தன. ஒரு தம்பி, பனிக்காலத்தில் காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத காருக்கு எங்கே மீட்டர் வைப்பது என்று கேட்டார். மீட்டரை எடுக்குமுன் ஒரு காய்ந்த துணியை எடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை உள்ளும் புறமும் துடையுங்கள், பிளக் வயரையும் துடையுங்கள். நம்ம பக்கத்து ஈரத்துக்கு பாதி வியாதி அதிலேயே தீரும். உள்ளே பென்சில் கோடு மாதிரி கறுப்பாக வெடிப்பு இருந்தால் மூடியை மாற்ற வேண்டும், வேறு மருந்து இல்லை. கொண்டென்சரை ஓமில் வைத்தால் எண் ஒரு துள்ளுத் துள்ளி ஏறி, அறுந்தது போல் நிற்கும். சுழியத்திலேயே நின்றால் அது செத்தது. ஆனால் சூடாகும்போது மட்டும் கெடும் கொண்டென்சரை இந்த மீட்டர் பிடிக்காது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எஸ்டேட் லொறிக்கு இதே மாதிரி பார்க்கலாமா என்று இன்னொருவர் கேட்டார். டீசல் எஞ்சினுக்குப் பிளக் பொறியே இல்லை ஐயா. அங்கே பெட்டரியும் ஸ்டார்ட்டரும் பார்க்கத்தான் மீட்டர். திரீவீலில் பொயிண்ட் இல்லை, சி.டி.ஐ. பெட்டி இருக்கு. அதிலிருந்து கொயிலுக்குப் போகும் வயரில் இருநூறு வோல்ட்டுக்கு மேல் வரும். பெட்டரி, பியூஸ், சுவிட்சு, ஏர்த் இவற்றை நீங்களே பாருங்கள், அந்தப் பெட்டி வயரில் கை வைக்காதீர்கள். லீசிங் கட்டும் தம்பிமாருக்கு ஒன்று: மூன்று நாள் திரீவீல் நின்றால் தவணை தப்பும். பியூஸுக்குக் கீழே ஒரு தளர்ந்த வயருக்காக மூன்று நாள் கராஜில் காத்திருந்தவரை நமக்குத் தெரியும்.

கராஜ்காரரோடு சண்டை போடச் சொல்லவில்லை. "இந்தச் சாமான் பழுது" என்று சொன்னால், "எப்படிப் பார்த்தீங்க பாஸ், எனக்கும் காட்டுங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள். கழற்றிய சாமானைக் கையோடு வாங்கி வாருங்கள். அந்தப் பழைய கொயிலை அப்பா பைக்குள் போட்டு வைத்திராவிட்டால் அது நல்ல கொயில் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. இப்போது அது டிக்கிக்குள் மேலதிகமாகக் கிடக்கு.

கையால் வேலை பழகி, சேர்ட்டிபிகட் இல்லாமல் இருக்கும் தம்பி தங்கச்சிமார் வகுப்புக்குப் போகாமலே, தெரிந்த வேலையைச் செய்து காட்டி என்.வி.கியூ. எடுக்க வழி இருக்கு. விரும்பியவர்கள் உரை முடிந்ததும் பெயரைக் கொடுங்கள்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு இதே இடத்தில் மீட்டரை உங்கள் கையிலேயே தருவோம். வீட்டில் பழைய கொயில், பிளக் வயர், கொண்டென்சர், வேலை செய்யாத டோர்ச் லைட் எது கிடந்தாலும் கொண்டு வாருங்கள். தம்பி காரைக் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஓமின் விதி சொன்ன தங்கச்சிதான் அன்றைக்கு முதலில் மீட்டர் பிடிக்கப் போகிறார். பெரியவர்கள் பீடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வரவும்.